ஓய்வுக்கு ஓர் இருக்கை

இந்தக் கட்டுரையை நீங்கள் எங்கே இருந்து வாசிக்கிறீர்கள்? மின்சார ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டா? அடுப்பில் குக்கர் இருக்க, அடுக்களை மேடையில் சாய்ந்துகொண்டா? அல்லது நாள் முழுவதும் உழைத்த களைப்பில் கட்டிலின் ஓரத்தில், எந்த நிமிடமும் எழ வேண்டியவரைப்போல அமர்ந்துகொண்டா? சற்று யோசித்துப் பாருங்கள். "இது நான் இளைப்பாறும் இடம்" என்று சொல்லக்கூடிய ஓர் இருக்கை உங்கள் வீட்டில் இருக்கிறதா?

ஊரைவிட்டுப் புறப்பட்டு மும்பையிலோ, தில்லியிலோ, பெங்களூரிலோ ஓர் அறையும் அடுக்களையுமாக நாம் குடியேறிய நாளை நினைவுகூருங்கள். முதலில் அரிசி டின்னுக்கு இடம் பார்த்தோம். பிறகு தண்ணீர்க் குடத்துக்கு. துணிப்பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். தையல் இயந்திரத்தை வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வைத்தோம். பிள்ளைகளின் புத்தகங்களுக்குச் சுவரில் பலகை அடித்தோம். ஒவ்வொரு பொருளுக்கும் இடம் கண்டுபிடித்த நாம், ஓய்வுக்கு மட்டும் இடம் பார்க்கவில்லை.

ஊரில் அதற்கென்று ஒரு திண்ணை இருந்தது. வீட்டுக்காரர் கேளாமலே கொத்தனார் அதைச் சேர்த்துக் கட்டினார். தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே, உழைப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவே அது இருந்தது. வயலிலிருந்து வருகிறவர் நேரே வீட்டுக்குள் போவதில்லை. திண்ணையில் அமர்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, இரண்டு வார்த்தை பேசிய பிறகே உள்ளே போவார். நகரத்து வீட்டில் வாசற்படியைத் தாண்டியவுடன் அடுத்த வேலை தொடங்கிவிடுகிறது.

ஓய்வு, வேலைகளெல்லாம் முடிந்தபின் மிச்சமாக வந்து சேரும் என்று நாம் எண்ணிக் காத்திருக்கிறோம். அப்படி அது வருவதில்லை. அதற்கென ஓர் இடமும், ஒரு பொருளும், ஒரு வேளையும் முன்னதாகவே ஒதுக்கப்பட்டால்தான் வருகிறது. இதற்கு விலையுயர்ந்த சாமான்கள் தேவையில்லை. நம் கைக்கு எட்டும் பொருட்கள் சிலவற்றைப் புதுக் கண்ணோடு பார்த்தாலே போதும்.

செம்பு கற்றுக்கொடுத்த பாடம்

அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் தம்பதியர் நாற்காலிகளை வடிவமைத்து உலகப் புகழ் பெற்றவர்கள். 1956ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட சாய்வு நாற்காலி இன்றளவும் பேசப்படுகிறது. இந்திய அரசின் அழைப்பின்பேரில் நம் நாட்டுக்கு வந்து பல இடங்களைச் சுற்றிப் பார்த்த அவர்கள், 1958ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓர் அறிக்கை அளித்தார்கள். அதன் தொடர்ச்சியாகவே 1961ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து போற்றிய பொருள் எது தெரியுமா? வட இந்தியர் லோட்டா என்று அழைக்கும் நம் செம்பு! நாட்டில் தாங்கள் கண்ட பொருட்கள் அனைத்திலும் அதுவே மிகச் சிறந்தது, மிக அழகானது என்று அவர்கள் கருதினார்கள். அதை உருவாக்கியவர் ஒரு தனி மனிதர் அல்ல, பல தலைமுறைகள் என்பதையும் எடுத்துக்காட்டினார்கள். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், எடுப்பவரின் கை எவ்வளவு பெரியது, இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கும், சாய்த்தால் எப்படி ஊற்றும், எப்படிக் கழுவுவது, என்ன விலையாகும், கைக்கு எப்படி இருக்கும் என்பன போன்ற எத்தனையோ கேள்விகளுக்கு ஒரு சிறு பாத்திரம் விடை சொல்லியிருக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள்.

உங்கள் வீட்டுச் செம்பை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். குறுகிய கழுத்தை விரல்கள் தாமாகவே சுற்றிக்கொள்ளும். விளிம்பு வெளியே மடிந்திருப்பதால் ஈரக் கையிலிருந்தும் நழுவாது. வயிறு அகன்றிருப்பதால் நீர் தளும்பிச் சிந்துவதும் குறைவு. நல்ல பொருளின் இலக்கணம் இதுதான். அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. பயன்படுத்துகிறவரின் சிரமத்தில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறது.

அடங்கும் நேரமும் ஆற்றும் நேரமும்

அடுக்களைக்கு வாருங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. குக்கருக்குள் ஆவி அடைபடுவதால் அழுத்தம் கூடி, வெப்பம் 120 டிகிரி அளவுக்கு உயர்கிறது. ஆகவே பருப்பும் கிழங்கும் விரைவில் வேகின்றன. இரவே ஊறவைத்த கொண்டைக்கடலை இன்னும் விரைவில் வெந்துவிடும்.

நாம் கவனிக்கத் தவறும் வேறொரு நன்மையும் குக்கரில் உண்டு. அடுப்பை அணைத்தவுடன் அதைத் திறக்க முடியாது. மூடி உள்ளே பொருந்தும் வகைக் குக்கரில், ஆவியின் அழுத்தமே மூடியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அது தானாக அடங்கும்வரை பொறுத்தே ஆக வேண்டும். அந்த நேரத்திலும் உள்ளிருக்கும் சூட்டில் சோறு பக்குவமாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியைச் சீறவிடுகிறோம், அல்லது குழாய்த் தண்ணீரின் கீழ் காட்டுகிறோம். பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தி, அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொரு வேலையை எடுத்துக்கொள்கிறோம். சகோதரியே, குக்கர் அடங்கும் நேரத்தில் நீங்களும் அடங்கி அமர்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

டபரா டம்ளரும் அப்படிப்பட்டதே. சூடான காப்பியை அது உடனே குடிக்கவிடாது. உலோகம் சுடும். ஆகவே விளிம்பைப் பிடிக்க வேண்டும். அகன்ற டபராவில் ஊற்றி, மீண்டும் டம்ளருக்கு மாற்ற வேண்டும். பரப்பு விரியும்போது சூடு விரைவில் இறங்குகிறது, நுரையும் எழும்புகிறது. நம் தமிழில் இதற்கு "ஆற்றுதல்" என்று பெயர். காப்பியை ஆற்றுவதற்கும், அழும் குழந்தையைத் தேற்றி ஆற்றுவதற்கும், களைத்த உள்ளத்தை ஆற்றுவதற்கும் ஒரே சொல் இருப்பது எவ்வளவு பொருத்தம்! காகிதக் கோப்பையில் வாங்கி நடந்துகொண்டே குடிக்கும் காப்பியை நாம் ஆற்றுவதில்லை. அதுவும் நம்மை ஆற்றுவதில்லை.

வந்த ஊரில் கண்ட பொருட்கள்

நாம் கொண்டுவந்த பொருட்கள் மட்டுமல்ல, வந்து சேர்ந்த ஊரின் பொருட்களும் நமக்குப் பாடம் சொல்கின்றன. தில்லியில் வாழ்கிறவர்கள் மே மாதத்து அனல் காற்றை அறிவீர்கள். அங்கே தெருவோரத்தில் விற்கும் மண்பானையை வாங்கி வைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பானையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிந்து, வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துச் செல்கிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ, அவ்வளவுக்கு நீர் குளிரும். மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் அதே பானை அவ்வளவாகக் குளிர்விப்பதில்லை. அங்கே அதைக் காற்றோட்டமுள்ள ஜன்னலருகில் வைப்பது நல்லது.

வடநாட்டுக் கயிற்றுக் கட்டிலையும் பாருங்கள். நான்கு கால், நான்கு சட்டம், ஒரு கயிறு. பின்னல் வழியே காற்று கீழிருந்தும் வருகிறது. பயன்படுத்தப் பயன்படுத்தக் கயிறு தளரும் என்பது செய்தவருக்கு முன்பே தெரியும். ஆகவே கால்மாட்டில் ஒரு பகுதியைப் பின்னாமல் விட்டு, இழுத்துக் கட்டுவதற்கான கயிற்றை அங்கே ஓட்டியிருக்கிறார். தளர்ந்தால் யாரும் கடைக்கு ஓட வேண்டாம். ஐந்து நிமிடம் இழுத்துக் கட்டினால் கட்டில் மீண்டும் புதிதாகும். தளர்ச்சி குற்றமல்ல, எந்தப் பொருளுக்கும் அது வரும் என்று கணக்கில் எடுத்துக்கொண்டு செய்யப்பட்ட பொருள் அது. மனிதருடைய வேலை நாளையும் இப்படி யாராவது திட்டமிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

நாம் ஊரிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த கோரைப்பாய்க்கும் ஓர் இரகசியம் உண்டு. பகலில் மூலையில் நிற்கிறது. இரவில் விரித்தால் அந்த அறையே படுக்கையறை. காலையில் பாயைச் சுருட்டும் செயல், இரவு முடிந்தது என்று வீட்டாருக்கு அறிவிக்கிறது. வேலைக்கும் ஓய்வுக்கும் இடையே ஒரு கோடு போடுகிறது.

மிச்சமான நேரம் எங்கே போயிற்று?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அம்மியின் இடத்துக்கு மிக்சி வந்தது. ஆட்டுரலின் இடத்துக்குக் கிரைண்டர் வந்தது. துவைக்கும் கல்லின் இடத்துக்கு, வசதியுள்ளவர்களின் வீடுகளில், சலவை இயந்திரம் வந்தது. இவையெல்லாம் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் வந்தன. ஆனால் மிச்சமான நேரம் எங்கே?

ஒரு பங்கு பயணத்துக்குப் போயிற்று. இன்னொரு பங்கைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. முன்பு அலுவலகக் கதவைப் பூட்டினால் அலுவலகம் அங்கேயே நின்றது. இப்போது அது நம் சட்டைப் பையில் ஏறி வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டின் அருகே அமர்கிறது. கைப்பேசி மிகத் திறமையாக வடிவமைக்கப்பட்ட பொருள்தான். ஆனால் குக்கரைப்போலத் தானாக அடங்கும் வழி அதில் இல்லை. அதை அடக்கும் பொறுப்பு நம்முடையது.

இன்னொரு பங்கு வேறு வேலையாக மாறி, பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தோளிலேயே விழுந்தது. இந்திய அரசின் புள்ளியியல் துறை 2024ஆம் ஆண்டில் நாடெங்கும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்களோ 88 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே! எந்தப் புதிய இயந்திரமும் இந்த இடைவெளியைத் தானாக நிரப்பிவிடாது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையான கதை

ஞாயிறு விடுமுறை எப்போதும் இருந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நாம் பிழைக்க வந்த மும்பை நகரத்தின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த பருத்தி ஆலைகளில் சூரியன் எழுவது முதல் மறைவது வரை வேலை நடந்தது. தொழிலாளருக்கு நிலையான வார விடுமுறை இல்லை. அவர்களும் நம்மைப்போல ஊரைவிட்டு வந்தவர்களே.

நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் ஒரு காலத்தில் ஆலையில் பணியாற்றியவர். ஜோதிராவ் புலேயின் வழியில் நடந்து, "தீனபந்து" என்னும் பத்திரிகையை நடத்தியவர். அவர் 1884ஆம் ஆண்டில் ஆலைத் தொழிலாளரைக் கூட்டினார். சுமார் 5,500 பேர் கையொப்பமிட்ட கோரிக்கை மனு ஒன்று உருவாயிற்று. ஞாயிறுதோறும் முழு ஓய்வு வேண்டும், நண்பகலில் அரை மணி நேர இடைவேளை வேண்டும் என்பவை அதன் முக்கியமான கோரிக்கைகள். உடனே பலன் கிடைக்கவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1890 ஏப்ரல் 24 அன்று சுமார் 10,000 தொழிலாளர் திரண்ட பெருங்கூட்டம் நடந்தது. அதில் பெண் தொழிலாளர் இருவரும் எழுந்து பேசினார்கள். அவ்வாண்டு ஜூன் 10 அன்று ஆலை உரிமையாளர் சங்கம் ஞாயிற்றுக்கிழமையை வார விடுமுறையாக ஏற்றுக்கொண்டது.

சுதந்திர இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பையும், வாரம் ஒரு நாள் விடுமுறையையும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணி நேர இடைவேளை தரவேண்டும் என்பதையும் வகுத்தது. நாம் எளிதாக அனுபவிக்கும் ஓர் ஓய்வு நாளுக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

நாற்காலிக்காக ஒரு சட்டம்

இது பழைய கதை மட்டும் அல்ல. துணிக்கடைக்குப் போகும்போது, நமக்குச் சேலையை விரித்துக் காட்டும் பெண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டே இருக்கும் நிலை பல கடைகளில் இருந்தது. கால் வீங்கும், நரம்பு சுருண்டுகொள்ளும், இடுப்பு வலிக்கும். கேரளத்தில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் இதற்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள். அதன் பயனாக, கடைகளில் பணியாளருக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரள அரசு 2018ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தியது. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடும் அவ்வாறே செய்தது.

எண்ணிப் பாருங்கள். ஒரு சாதாரண நாற்காலிக்காக இரண்டு மாநிலங்களில் சட்டம் தேவைப்பட்டது! காரணம், நாற்காலி வெறும் மரமோ பிளாஸ்டிக்கோ அல்ல. "நீ களைத்திருக்கிறாய், அமரலாம்" என்று ஒரு மனிதருக்குச் சொல்லும் அனுமதி அது. அந்த அனுமதியைக் கடைக்காரர் தரவேண்டும் என்று நாம் நியாயமாகவே எதிர்பார்க்கிறோம். நம் வீட்டில் அதை யார் யாருக்குத் தந்திருக்கிறோம்?

நம் வீட்டு ஞாயிறு

பிரியமானவர்களே, ஆராதனை நாளாகிய ஞாயிற்றுக்கிழமையை நம் வீடுகளில் பாருங்கள். குடும்பத் தலைவர் வெள்ளைச் சட்டை அணிந்து, வேதாகமத்தை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். பிள்ளைகள் சீவி முடித்து நிற்கிறார்கள். இவர்கள் எல்லாரும் எழுமுன்பே எழுந்தவர் ஒருவர் உண்டு. அவர் மதியத்துக்கான கறியை ஆக்கிவைத்து, சட்டைகளைத் தேய்த்து, பின்னலைப் போட்டு, கடைசியாக ஓடிவந்து பேருந்தில் ஏறுகிறார். ஆராதனை முடிந்து வரும்போது விருந்தினர் இருவரும் கூட வருகிறார்கள். மாலைக் கூட்டத்துக்குப் புறப்படும்வரை அவர் அமர்வதில்லை. ஓய்வு நாளின் கட்டளை வீட்டில் உள்ள வேலைக்காரரையும் வேலைக்காரியையும், மாட்டையும்கூட நினைவுகூர்ந்தது என்பதை நாம் அறிவோம். நம் வீட்டுத் தாயை நாம் எண்ணினோமா?

விருந்தோம்பல் நல்லது. ஐக்கியமும் நல்லதே. ஆனால் ஒருவருடைய ஓய்வைச் செலவழித்து மற்ற அனைவரும் இளைப்பாறும் ஏற்பாடு, நன்றாக வடிவமைக்கப்பட்ட ஏற்பாடு ஆகாது. பிடி உடைந்த பாத்திரத்தைப்போல அது யாரோ ஒருவருடைய கையைச் சுட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த மாதம் செய்து பாருங்கள்

முதலாவது, வீட்டில் ஓர் இருக்கையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஜன்னலருகே ஒரு முக்காலி, மடக்கு நாற்காலி, சுவரோரம் விரித்த பாய் என எதுவானாலும் சரி. அதன்மேல் துணி மூட்டையையோ புத்தகப் பையையோ வைப்பதில்லை என்று வீட்டார் அனைவரும் ஒப்புக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து வருகிறவர், அவர் ஆணோ பெண்ணோ, முதலில் அதில் பத்து நிமிடம் அமரட்டும். அதுவே உங்கள் திண்ணை.

இரண்டாவது, கைப்பேசிக்கும் ஓர் இடம் குறியுங்கள். வாசலருகே ஒரு சிறு பலகையோ, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவோ போதும். இரவு உணவு தொடங்குவது முதல் முடிவது வரை எல்லாக் கைப்பேசிகளும் அதில் இருக்கட்டும். அவசர அழைப்பு வந்தால் மணி ஒலிக்கும், எழுந்து போய்ப் பேசலாம்.

மூன்றாவது, வாரம் ஒரு வேளை அடுப்பை ஆண்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவே குழம்பு வைத்துவிட்டால், ஞாயிறு மதியம் சோறு மட்டும் வடித்தால் போதும். விருந்தினர் வந்தாலும் குழம்பு, சோறு, அப்பளம் என்று எளிமையாகப் பரிமாறுங்கள். நம்மைப்போல ஊரைவிட்டு வந்தவர்களுக்கு ஒரு வீட்டுக் குழம்பே பெரிய விருந்து.

நான்காவது, உங்கள் வீட்டில் மிகுதியாகப் புழங்கும் பத்துப் பொருட்களை எடுத்து, ஒவ்வொன்றையும் "நீ எனக்கு நேரம் தருகிறாயா, என் நேரத்தை எடுக்கிறாயா?" என்று கேளுங்கள். மழுங்கிய அரிவாள்மணை, ஆட்டம் கொடுக்கும் முக்காலி, ஆவி கசியும் குக்கரின் ரப்பர் வளையம் போன்ற சிறு குறைகள் நாள்தோறும் நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களைப்படையச் செய்கின்றன. அவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு சொற்பமே.

வாசகரே, நகரம் நமக்குப் பிழைப்பைத் தந்திருக்கிறது. அதற்காக நன்றியுள்ளவர்களாயிருப்போம். ஆனால் ஓய்வை அது தானாகத் தருவதில்லை. அன்று ஆலைத் தொழிலாளர் கேட்டுப் பெற்றார்கள். பின்பு கடைப் பெண்கள் கேட்டுப் பெற்றார்கள். வீட்டுக்குள் இருப்பவரோ பெரும்பாலும் கேட்கமாட்டார். அவர் கேட்குமுன் தருவதே அன்பு.

இன்று மாலை குக்கர் சத்தம் நின்றதும், அடுக்களையில் நிற்கிறவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். டபராவில் காப்பியை ஆற்றி, அவர் கையில் கொடுங்கள். சோறு அடங்கட்டும், அவசரமில்லை. நீங்களும் அவர் பக்கத்தில் அமருங்கள்.